கமாவையும் சேர்த்து வாசித்தவள்

போன செவ்வாய்க்கிழமை மதியம், நான் வேலை பார்த்த அச்சகத்தின் ஒலிப்பதிவு அறையிலிருந்து மூன்று பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். கணினியே வாசிக்கிற குரல் ஒன்றைச் சின்ன முதலாளி வாங்கி வைத்திருக்கிறாராம். அதைவிட நன்றாக வாசித்துக் காட்டவேண்டும் என்று மூன்று பேருக்கும் ரோஷம். ஒருத்தி நாக்குப் புரளும் வாக்கியங்களை ஒரு தாள் நிறைய எழுதி எடுத்து வந்திருந்தாள். இன்னொருத்தி, வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினால் உச்சரிப்புத் திருந்தும் என்று எங்கோ படித்திருந்தாள்.

"கல்லைத் துப்பிட்டு, நல்லா வாசிக்கிறவங்க யாரையாவது உக்காந்து கேளு" என்றேன்.

"கேக்கோம்க்கா. எப்படிக் கேக்கணும்?" என்றாள் மூன்றாமவள்.

அந்த 'எப்படி'க்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வருட வேலையும் அதற்கு மேல் பத்து நாளும் ஆயின. அன்று காப்பி போட்டுக்கொண்டே வாய்க்கு வந்தபடி ஏதோ சொல்லி அனுப்பினேன். அவர்கள் போனபிறகு பரணிலிருந்து டைரிகளை இறக்கினேன். எல்லாம் எங்கள் அச்சகத்திலேயே அடித்தவை. அட்டை கோணலாக ஒட்டியதால் ஆர்டரில் கழித்துவிட்டதை வருடத்துக்கு ஒன்றாக எனக்குக் கொடுப்பார்கள். அவற்றைப் பார்த்து இதை ஒழுங்காக எழுதுகிறேன்.

என் வேலைக்குக் காப்பி ஹோல்டர் என்று பெயர். இன்று கேட்டால் சிவகாசியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அச்சுக்குப் போகுமுன் சோதனைத் தாள் ஒன்று எடுப்பார்கள். அதைப் புரூப் என்போம். புரூப் ரீடர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார். காப்பி ஹோல்டர் எதிரே உட்கார்ந்து, எழுதியவர் கொடுத்த மூலத்தை உரக்க வாசிப்பாள். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகாத இடத்தில் பிழை இருக்கிறது. ஆகவே நான் வாசிக்கவேண்டியது சொற்களை மட்டும் அல்ல. "பத்தி தொடக்கம். தடி எழுத்து. சிவகாசி, கமா, விருதுநகர், கமா, சாத்தூர் ஆகிய ஊர்களில், முற்றுப்புள்ளி." இப்படி ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். ஆடி பிறந்தால் காலண்டர் சீசன். அடுத்த வருடத்தின் திதி, நட்சத்திரம், ராகு காலம் அத்தனையையும் ஒவ்வொரு தேதியாக வாசித்து முடிப்பேன். ஊரார் ஒரு முறை வாழ்கிற வருடத்தை நான் இரண்டு முறை கடந்தேன். தேதிப் பைத்தியம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

சேர்ந்த முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் வீட்டில் மழையை மளை என்போம், பழத்தைப் பளம் என்போம். புரூப் அறையில் அது செல்லாது. இரண்டு வருடத்தில் நாக்கு வளைந்தது. வளைத்தவர் தலைமை புரூப் ரீடர் சங்கரலிங்கம் அண்ணாச்சி.

அண்ணாச்சி வேலை நேரத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்ததை நான் கண்டதில்லை. இடது கையில் ஒரு மரஸ்கேல். அது ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும். வலது கையில் சிவப்புப் பென்சில். பென்சிலை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் மறுபடி வாசி. வாயைத் திறந்து பேசினால் பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். வெற்றிலை போடமாட்டார், வாசிப்பு நடக்கும்போது டீ குடிக்கவும் மாட்டார். உறிஞ்சுகிற சத்தத்தில் ஓர் எழுத்து போய்விடுமாம்.

நான் சேர்ந்த ஆறாம் மாதம் ஒரு குடும்பக் கதைப் புத்தகம் வந்தது. மகள் வீட்டைவிட்டுப் போகிற இடத்தில் என் குரல் தழுதழுத்துவிட்டது. பென்சில் ஒரு தட்டு.

"ஏம்மா கோமதி, அழுதீகளா?"

"இல்ல அண்ணாச்சி, லேசா..."

"நீங்க அழுதா எனக்கும் அழுகை வரும். அழுகுற கண்ணுக்குப் பிழை தெரியுமா? அர்த்தமே தெரியாத மாதிரி வாசிங்க. எல்லா எழுத்தும் ஒரே எடை."

ஒரே எடை. அதுதான் எங்கள் தொழில் தர்மம். குரலில் ஏற்றம் இறக்கம் வந்தால் புரூப் ரீடரின் மனம் கதையோடு போய்விடும், கண் பிழையைத் தாண்டிவிடும். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் என் வாயில் ஒன்றுபோலவே ஒலித்தன. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. கம்ப்யூட்டர் வந்து பல அச்சகங்களில் காப்பி ஹோல்டர் வேலை போனபிறகும், காலண்டரும் பாதுகாப்பு நூல்களும் அடிக்கிற எங்கள் இடத்தில் என்னை வைத்திருந்தார்கள் என்றால் அந்த ஒரே எடைக்காகத்தான்.

இனி அந்தப் பத்து நாள்.

எங்கள் அச்சகம் வருடந்தோறும் அச்சடித்த நூல்களில் பட்டாசு ஆலைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேடும் ஒன்று. முப்பத்திரண்டு பக்கம், பைக்குள் அடங்கும் அளவு. எனக்கு அது மனப்பாடம். என் கணவரின் தங்கை பேச்சியம்மாளிடமும் ஒரு பிரதி இருந்தது. அவள் வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஆலையில் புஸ்வாணக் கூடுகளுக்கு மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு அடுத்த வீடு. கையேட்டை அவள் தையல் மிஷினின் ஆடுகிற காலுக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தாள்.

ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் கோடை மழை இடித்து ஓய்ந்தது. பேச்சி வேலை முடிந்து வந்தாள். மின்னல் வெட்டியபோது எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

"ரூம்லதான் மதினி."

"மின்னல் தெரிஞ்சா வெளிய வரணும்லா? பதினோராம் பக்கம்."

"வந்தேன். கையில இருந்த தட்டு இன்னும் நாலு கூடுதான் பாக்கி. முடிச்சிட்டு வந்தேன். எல்லாவளும் அப்பிடித்தான். அரைத் தட்டை வச்சிட்டு வர யாருக்கு மனசு வரும்?"

மருந்து திறந்து கிடக்கிற அறையில் நான்கு பெண்கள், மேலே மின்னல், நான்கு கூடு பாக்கி. அன்றைய டைரியில் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: 'பேச்சி தட்டை முடித்துவிட்டு வந்தாள்.'

ஆனி மாதம் அதே ஆலையின் மேனேஜர் எங்கள் சின்ன முதலாளியிடம் வந்தார். புத்தகத்தை யாரும் திறப்பதில்லை, காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் கூடுகிற இடத்தில் ஸ்பீக்கரில் போடலாம், குரலில் பதிவு செய்து தருவீர்களா என்றார். சின்ன முதலாளிக்குப் புது வேலை என்றாலே உற்சாகம். "எங்ககிட்ட ஒரு அக்கா இருக்காங்க சார். இருபத்தஞ்சு வருசமா வாசிக்கிறதுதான் வேலை" என்று என்னைக் கை காட்டிவிட்டார்.

நான் எப்படிக் குதித்தேன் என்கிறீர்கள்! புரூப் அறை ஜன்னலில் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஸ்டூலில் மைக்கை வைத்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"பக்கம் ஒன்று. தலைப்பு, தடி எழுத்து. பாதுகாப்பு நம் அனைவரின் கடமை, முற்றுப்புள்ளி. பத்தி தொடக்கம். ஆலைக்குள் நுழையுமுன், கமா..."

சின்ன முதலாளி நாற்காலியிலிருந்து வழுக்கி விழாத குறை. "அக்கா, கமாவையும் வாசிக்கீகளே!"

கமாவை விட்டுவிட்டு வாசிப்பதற்குள் எனக்கு வேர்த்துப்போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாய் தானாகத் திறந்தது. மூன்றாவது முயற்சியில் ஒருவழியாக முப்பத்திரண்டு பக்கமும் முடிந்தது. எழுத்துக்கு எழுத்து சுத்தம். ழகரம் ஒவ்வொன்றும் பளிங்கு.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆலையில் அதைப் போட்டார்கள். நானும் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் பெண்களும் ஆண்களும் நின்றார்கள். என் குரல் ஸ்பீக்கரில் எழுந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்துச் சுற்றிப் பார்த்தேன். ஒருத்தி இன்னொருத்தியின் ஜடையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வாளியைத் திறந்து யார் வீட்டில் என்ன குழம்பு என்று மோந்து பார்த்தார்கள். ஓர் ஆள் நின்றபடியே தூங்கினார். பதினோராம் பக்கம் வந்தது, போயிற்று. ஒரு தலைகூட நிமிரவில்லை.

பேச்சி என்னைப் பார்த்துவிட்டு அருகே வந்தாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீக. இது யாருக்கு வாசிக்கீக?"

"உங்களுக்குத்தான்."

"எங்களுக்கு மாதிரி இல்லியே. பேப்பருக்கு வாசிக்கிற மாதிரில்லா இருக்கு."

மேனேஜர் நல்ல மனிதர், முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை. பத்து நாளில் வேறு மாதிரி ஏதாவது செய்ய முடிந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் இந்த யோசனையையே கைவிட்டு, பழையபடி புத்தகத்தை மட்டும் கொடுத்துவிடலாம் என்றார். "வாசகத்தில் ஒரு எழுத்தும் மாத்தக்கூடாதும்மா. அதிகாரிங்க பார்த்து ஒப்புதல் கொடுத்த வாசகம்." எழுத்தை மாற்றுவது! இருபத்தைந்து வருடம் எழுத்தைக் காத்தவளிடம் அதைச் சொல்லத் தேவையில்லை. என்னிடம் இருந்தது குரல் மட்டும்.

பத்து நாளில் முடியாவிட்டால் அந்தக் கையேடு திரும்பவும் தையல் மிஷினுக்கு அடியில் போய்விடும். அடுத்த மழைக்குப் பேச்சி மறுபடி தட்டை முடித்துவிட்டுத்தான் வருவாள்.

அன்றே சின்ன முதலாளி என் போனில் கதை கேட்கிற செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு பெண்மணி நாவல்கள் வாசிக்கிறார். பெயர் சொல்லப்போவதில்லை. அந்தக் குரல் இப்போது எனக்கு என் அக்காளின் குரல்போலப் பழக்கம். முதல் நாவலை எடுத்தேன். அந்த நாவல் என் அலமாரியில் இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று புத்தகத்தை மடியில் விரித்து, கையில் பென்சிலோடு கேட்க உட்கார்ந்தேன்.

முதல் நாள் டைரி: 'மூன்று அத்தியாயம். ஓர் இடத்தில் "அந்த" என்பதை "அந்தப்" என்று வாசிக்கிறார். இரண்டு இடத்தில் ஒரு சொல் விட்டிருக்கிறார்.' இரண்டாம் நாள்: 'ஐந்து பிழை.' மூன்றாம் நாள்: 'ஒரு வரியே காணோம்!' அந்த ஆச்சரியக்குறியில் என் சந்தோஷம் தெரிகிறது. நான்காம் நாள் பேச்சி ஏதோ வாங்க வந்தவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். புத்தகத்தின் ஓரமெல்லாம் சிவப்புக் குறிகள்.

"மதினி, கதை கேக்கீகளா, திருத்துதீகளா?"

"கேக்கத்தான் செய்றேன்."

"இது வரைக்கும் என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

சொல்ல முயன்றேன். ஒரு மனிதன் ஊருக்கு வருகிறான். அப்புறம்? இருபது அத்தியாயம் கேட்டிருந்தேன். எத்தனை பிழை என்று சொல்ல முடிந்தது. என்ன நடந்தது என்று தெரியவில்லை.

பேச்சி சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். நான்கு நாட்கள் வீண். இந்தத் தவற்றை உலகத்தில் வேறு எந்தத் தொழில் செய்தவரும் செய்திருக்கமாட்டார்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பேச்சியிடம் கொடுத்தேன். நாவலை முதலிலிருந்து போட்டேன். அடுப்பில் பால். ஊருக்கு வந்தவன் யாரென்று கதையில் வருகிற ஒரு கிழவிக்குத் தெரிகிற இடம். வாசிக்கிற பெண்மணி "கிழவி அவனைப் பார்த்தாள்" என்று சொல்லிவிட்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. நானும் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "பிறகு கதவைத் திறந்தாள்" என்று அவர் சொன்னபோது என் கண்ணில் தண்ணீர். பால் முழுவதும் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

பாலைப் பார்த்துக் கத்தினேன். சந்தோஷத்தில் கத்தினேன். என் கணவர் பதறிப்போய் ஓடிவந்து, "தீ பிடிச்சிருச்சா?" என்றார். "பிடிச்சிருச்சு" என்றேன்.

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிய விஷயம் இதுதான். இருபத்தைந்து வருடமாக நான் வாசித்தது எல்லாம், கண்முன்னே எழுத்தை வைத்திருக்கிற ஒருவருக்கு. அண்ணாச்சிக்கு என் குரல் ஒரு சரிபார்ப்பு, அவ்வளவே. எங்கே நிறுத்தம், எங்கே முடிவு, எது முக்கியம் என்பதெல்லாம் தாளில் அவருக்குத் தெரிந்தது. வேப்பமரத்தடியில் நிற்கிறவளிடம் தாள் இல்லை. அவளுக்குக் கமாவும் நான்தான், தடி எழுத்தும் நான்தான். சாதம் கொதிக்கிற சத்தமும் ஜடைப் பின்னலும் சேர்ந்த உலகத்தில், எதைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று குரல் அவளுக்குக் காட்டியாகவேண்டும்.

மீதி நாட்களில் கேட்ட கேட்பு வேறு மாதிரி. ஒரு பத்தியைக் கண்ணை மூடிக் கேட்பேன். மனசுக்குள் எது நின்றதோ அதை மட்டும் எழுதுவேன். அடுத்து அதே பத்தியில் மூச்சை மட்டும் கேட்பேன். அந்தப் பெண்மணி மூச்சு விடுவதே தெரியாது என்று நினைத்திருந்தேன். காதைத் தீட்டினால் தெரிந்தது. முக்கியமான சொல்லுக்கு முன்னால் எடுக்கிறார், அதற்குப் பின்னால் ஒருபோதும் எடுப்பதில்லை. நான் மூச்சு முடிகிற இடத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் கடைசியில் என் குரல் கிணற்றில் விழுகிற வாளிபோல இறங்கும். அவரோ கடைசிச் சொல்லைத் தரையில் மெதுவாக வைக்கிறார். ழகரத்தையும் கவனித்தேன். நான் அதற்குக் கொடுத்த அழுத்தத்தில் பாதிகூட அவர் கொடுக்கவில்லை. தெளிவாக வந்தது, ஆனால் 'பார், நான் ழ சொல்கிறேன்' என்று எட்டிப் பார்க்கவில்லை. சாமான் கழுவும்போது அவர் வாசிப்புக்கு அரைச் சொல் பின்னாலேயே நானும் சேர்ந்து வாசித்தேன். நிழல் மாதிரி. முதல் நாள் நிழல் நொண்டியது. மூன்றாம் நாள் அது சேர்ந்து நடந்தது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாட்டுவண்டிப் பந்தயம். என் கணவரை இழுத்துக்கொண்டு போனேன். மாட்டைப் பார்க்க அல்ல, மைக் பிடித்து வர்ணனை சொல்கிறவரைக் கேட்க. அந்த மனிதர் பொரிகடலைபோலச் சொற்களைப் பொரித்துத் தள்ளுகிறார், ஒரு சொல் சிதறவில்லை. வண்டிக்காரர் பெயர் வருவதற்கு முன்னால் மட்டும் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறார். கூட்டம் முழுவதும் அந்தப் பெயருக்காக முன்னே சாய்கிறது. நான் அவர் மைக்குக்கு அடியில் நின்று டைரியில் குறிப்பு எடுத்தேன்.

"ஏ தாயி, என்ன எழுதுறீக? எம் மேல கேசு போடவா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

"இல்லண்ணே, ஒங்க மூச்சை எண்ணுதேன்."

"எண்ணுங்க, எண்ணுங்க! பந்தயம் முடியிற வரைக்கும் இருந்தாச் சரி!"

கூட்டமே சிரித்தது. என் கணவர் ஒரு பர்லாங் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் என் குரலை நானே பதிவுசெய்து கேட்டேன். தன் குரலைத் தானே கேட்பது, பிறர் எடுத்த போட்டோவில் தன் முதுகைப் பார்ப்பதுபோல. சகித்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் டைரியில் இருப்பது: 'இன்று பதினோராம் பக்கம் இருபத்திரண்டு முறை. இன்னும் யாருக்கு வாசிக்கிறேன் என்று தெரியவில்லை.'

அதற்கு வழி பத்தாம் நாள் காலையில் தோன்றியது. அன்று புதன். பேச்சிக்கு வார விடுமுறை வேறு நாள். லீவு போடச் சொன்னேன்.

"எதுக்கு?"

"ஒனக்கு வாசிக்கணும்."

"எனக்கா? நான் என்ன செய்யணும்?"

"நீ ஒன் வேலையைச் செய்யி."

போர்வை தொங்கிய அறையில் எனக்கு எதிரே, அண்ணாச்சி உட்கார்ந்த அதே இடத்தில், பேச்சியைப் பாய் விரித்து உட்காரவைத்தேன். காலிக் கூடுகள் அடுக்கிய தட்டு ஒன்றும் ஒரு கிண்ணம் நிறைய ரவையும் கொடுத்தேன். ரவைதான் மருந்து. அவள் முதலில் சிரித்தாள். பிறகு கை தன் வழக்கத்துக்கு வந்துவிட்டது. கரண்டியால் அள்ளி, கூட்டில் போட்டு, தட்டி, அடுத்தது. அந்தக் கை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். அறைக்குள் போகுமுன் கதவருகே உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்குவது, பருத்தி உடை, அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, எல்லாம் வந்தது. பத்தாம் பக்கம் முடிந்தது. பதினோராம் பக்கம்.

வாசகம் இதுதான்: 'மின்னலோ இடியோ தென்பட்டால், செய்துகொண்டிருக்கும் வேலையை அந்த நிலையிலேயே விட்டுவிட்டு, மருந்தை மூடி, ஓடாமல் நடந்து, ஓய்வுக் கொட்டகைக்குச் செல்லவேண்டும்.'

பேச்சியின் கை ரவையை அள்ளியது. "செய்துகொண்டிருக்கும் வேலையை" என்றேன். கரண்டி உயர்ந்தது. மூச்சு எடுத்தேன். "அந்த நிலையிலேயே" என்றேன். நிறுத்தினேன்.



கரண்டி கூட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பேச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கூடு காலியாகத்தான் இருந்தது.

"விட்டுவிட்டு" என்றேன். அவள் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்தாள்.

வாசித்து முடித்ததும் மூலை நாற்காலியில் இருந்த சின்ன முதலாளி கட்டை விரலை உயர்த்தினார். பேச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க நின்னீகளா, எங் கையும் நின்னுருச்சு மதினி. நான் நிறுத்தலை, அதுவா நின்னுச்சு."

நான் அந்த அறையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஆடினேன். போர்வை ஒன்று என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து.

பதிவை முதலில் அண்ணாச்சிக்குத்தான் கொண்டுபோனேன். ஓய்வுபெற்று விருதுநகரில் மகன் வீட்டில் இருந்தார். கையேட்டை வரவழைத்து, ஸ்கேலை எடுத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே கேட்டார். முப்பத்திரண்டு பக்கமும். முடிந்ததும் சொன்னார்:

"எழுத்துப் பிழை இல்ல. பதினோராம் பக்கம் மூணாம் வரியில, கமாவே இல்லாத எடத்துல நிக்கீக. அதுவும் அம்புட்டு நேரம்."

"தெரியும் அண்ணாச்சி. புத்தகத்தை மூடி வச்சிட்டு ஒரு தடவை கேளுங்களேன்."

"புத்தகத்தை மூடிட்டா எதை வச்சுக் கேக்க?" என்றார். கேலி அல்ல, மெய்யாகவே கேட்டார். நான் வற்புறுத்தவில்லை. அவரிடம் படித்திருக்காவிட்டால் அந்த இடத்தில் நிற்பதற்கு எனக்கு நாக்கு இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலை ஆலையில் போட்டார்கள். ஜடை பின்னல் நின்றது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. ஆனால் பின்னிக்கொண்டே கேட்டார்கள். பதினோராம் பக்கத்து நிறுத்தத்தில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று இருபது முப்பது தலைகள் நிமிர்ந்தன. மேனேஜர் என் பக்கம் திரும்பி ஒரு தலையசைப்பு. வாரத்துக்கு மூன்று காலைகளில் போடுவது என்று முடிவாயிற்று.

அதன் பிறகு மழைக்காகக் காத்திருந்தேன். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருந்த புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை. மதியம் இரண்டரை மணிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்தது. சிவகாசியில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து மின்னல் தெரிந்தது. காய்ந்த துணிகளை எடுக்கப் போனவள் எடுக்காமல் நின்றேன். எல்லாம் நனைந்தன.

ஆறு மணிக்கு ஆலை வேன் சத்தம். பேச்சி வாசலிலேயே செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தாள்.

"மதினி, அந்தக் கூத்தைக் கேளுங்க! மொத மின்னல் வெட்டுச்சு. எங் கையில பாதித் தட்டு. நான் பாட்டுக்கு அடுத்த கூட்டை எடுக்கேன். அந்த முத்துமாரி இருக்காள்ல, ஒல்லியா, வெடுக்கு வெடுக்குனு பேசுவா, அவ அப்பிடியே ஒங்க கொரல்ல, 'அந்த நிலையிலேயே'ன்னாளா... வாயை மூடிட்டா. நாலு பேரும் அப்பிடியே கையைத் தூக்கிட்டு இருக்கோம். ஒரு நிமிசம் இருக்கும். அப்பறம் 'விட்டுவிட்டு'ன்னா பாருங்க! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி. மருந்தை மூடிட்டு, சிரிச்சுக்கிட்டேதான் நடந்து போனோம். பக்கத்து ரூம்லயும் 'அந்த நிலையிலேயே'ன்னு ஒரே சத்தம். ஆலை பூரா ஒங்களைத்தான் கேலி பண்ணுது."

"தட்டு?"

"அரைத் தட்டாத்தான் கெடந்துச்சு. மழை விட்டப்பறம் போயி முடிச்சோம்."

அன்றைய டைரியில் இருப்பது இரண்டு வரிகள். 'வெம்பக்கோட்டையில் இடி, மின்னல், நல்ல மழை. ஒன்றும் நடக்கவில்லை.' இத்தனை டைரிகளில் நான் மிகவும் சந்தோஷமாக எழுதியது அந்த இரண்டாவது வரிதான்.

பேச்சி போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "ஒண்ணு சொல்றேன், கோவிக்கக்கூடாது. ஒங்களை விட முத்துமாரி நல்லா நிக்கா மதினி. நீங்க நின்னா கை நிக்கும். அவ நின்னா மூச்சே நின்னு போகுது."

எனக்குக் கோபம் வரவில்லை. எழுந்து புதுப் பென்சில் ஒன்றைச் சீவினேன். எத்தனை நேரம் நிற்கிறாள், நிற்குமுன் மூச்சு எடுக்கிறாளா, கண்ணை எங்கே வைக்கிறாள் என்று பேச்சியைத் துளைத்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு என்ன தெரியும்? வேணும்னா வந்து கேளுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, ஆலை வேனில் பேச்சிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். வேப்பமரத்தடியில் முத்துமாரியைக் கண்டுபிடித்து, அதை இன்னொரு முறை எனக்குச் சொல்லிக் காட்டம்மா என்றேன். வெட்கப்பட்டாள், மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள், சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கையேட்டையும் பென்சிலையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.